ஃப்ரிட்ஜ் செருப்பு

எங்கள் சமையலறையில் ஃப்ரிட்ஜுக்கென்றே ஒரு ஜோடி செருப்பு இருந்தது. நீல வார் வைத்த ரப்பர் செருப்பு. அதைப் போட்டுக்கொண்டு யாரும் வெளியே போனதில்லை. ஃப்ரிட்ஜைத் திறப்பவர் முதலில் அதில் காலை நுழைத்துக்கொள்ள வேண்டும். மூடியதும் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட வேண்டும். வெறுங்காலோடு கைப்பிடியைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கும். வலி என்று சொல்ல முடியாது. விரல் நுனியில் ஊர்ந்துகொண்டிருந்த கட்டெறும்பு சட்டென்று கடித்த மாதிரி. மழைக்காலத்தில் இருக்காது. மாசி பிறந்தால் வந்துவிடும்.

மயிலாப்பூரில் எங்கள் குடியிருப்பில் எட்டு வீடுகள். எல்லா வீட்டிலும் இதற்கு ஏதோ ஒரு ஏற்பாடு இருந்தது. கீழ்வீட்டு மாமி மடி பார்ப்பவர், சமையலறையில் செருப்பு ஆகாது. அதனால் கிரைண்டருக்கு முன்னால் ஒரு மணைக்கட்டையைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றுகொள்வார். எதிர்வீட்டு அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர், தி. நகரில் பாத்திரக் கடை, எங்கள் சங்கத்துக்குச் செயலாளர். அவர் வீட்டில் எல்லாரும் ஃப்ரிட்ஜை இடது கையால்தான் தொடுவார்கள். இடது கையில் அடி குறைவாம். யாரைக் கேட்டாலும், "அது எப்பவும் இருக்கறதுதானே சார்" என்பார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவன். 'எப்பவும்' என்ற சொல்லைக் கேட்டால் எனக்குக் கை பரபரக்கும். எதற்கும் ஒரு தொடக்கம் உண்டு, ஏதோ ஒரு வருஷம், ஏதோ ஒரு மாதம். ஆனாலும் இந்தச் செருப்பு விஷயத்தில் நானும் மற்றவர்களைப் போலத்தான் காலை நுழைத்துக்கொண்டு இருந்தேன்.

போன மே மாதம் மகள் புணேயிலிருந்து வந்திருந்தாள், ஏழு மாதக் கர்ப்பிணி. செருப்பு விஷயம் அவளுக்குத் தெரியாது. தண்ணீர் எடுக்கப் போனவள் "அம்மா!" என்று கத்தி, கையை உதறிக்கொண்டு பின்வாங்கி மேடையில் இடித்துக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் செய்தி அன்றே வேளச்சேரியில் அவள் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டது. பிரசவத்தைப் புணேயிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானதற்கு அந்த ஃப்ரிட்ஜும் ஒரு காரணம் என்று என் மனைவி இன்றுவரை நம்புகிறாள். நாங்கள்தான் ரயிலேறிப் போய்ப் பேரனைப் பார்த்துவிட்டு வந்தோம். அவன் எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை.

இந்த வருஷம் பொங்கல் கழிந்து அவளிடமிருந்து போன் வந்தது. ஈஸ்டருக்கு வருகிறார்களாம். பையன் தவழப் பார்க்கிறானாம். ஈஸ்டருக்குள் கையில் அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்க ஆரம்பித்துவிடுவானாம்.

"அப்பா, அந்த ஃப்ரிட்ஜ் இன்னும் அடிக்குதா?"

"இப்ப இல்லம்மா."

"இப்ப இருக்காது, மழை பெஞ்சு முடிஞ்சிருக்கு. ஈஸ்டருக்கு அடிக்குமா? அடிக்கும்னா இப்பவே சொல்லிடுங்க. நாங்க வேளச்சேரியிலேயே தங்கிக்கறோம். ஒரு நாள் வந்து உங்களப் பாத்துட்டுப் போறோம்."

மனைவி என் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும் சமையலறைக்குப் போய்விட்டாள். ஒரு நாள் வந்துவிட்டுப் போவது என்றால் என்ன என்று எனக்கும் தெரியும். காபி, வடை, பை, ஆட்டோ.

இந்தச் சமயத்தில்தான் நான் வீட்டில் ஒரு வேலை மேசை போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு மறுநாள், ஜனவரி ஏழாம் தேதி ஆரம்பித்தது. ஓய்வு பெற்ற பிறகு படிக்க வேண்டியதையெல்லாம் படித்தாயிற்று. வானொலி எப்படி வந்தது, தந்தி எப்படி வந்தது என்று பக்கம் பக்கமாகப் படித்தவனுக்கு ஒரு ரேடியோவின் பின்மூடியைக் கழற்றத் தெரியாது என்பது உறுத்தலாக இருந்தது. தவிர, உட்கார முடியவில்லை. முப்பது சொச்சம் வருஷம் வகுப்பறையில் நின்றுகொண்டும் நடந்துகொண்டும் இருந்த கால்கள். ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டே இருப்பேன். "ஏங்க, கொஞ்சம் உக்காருங்க, எனக்குத் தலை சுத்துது" என்பாள் மனைவி.

மேசை என்றால், இடித்த வீட்டிலிருந்து வந்த ஒரு தேக்குக் கதவு. பழைய மரக்கடையில் வாங்கி இரண்டு இரும்புக் கால்களின்மேல் படுக்க வைத்தேன். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. வயர்கள் கீழே இறங்க வசதி. முதலில் ஹாலில் ஜன்னலோரம் போட்டேன். வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. மகளின் பழைய அறைக்கு மாற்றினேன். குழந்தை எங்கே தூங்கும் என்று மனைவி கேட்டாள். கடைசியில் கம்பி போட்டு மூடிய பின் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே இரண்டு தடவை திசை மாற்றினேன். மேலே ரப்பர் விரிப்பு, தலைக்கு நேரே ஒரு குழல் விளக்கு, சுவரில் வரிசையாக மூன்று முள் பிளக் பாயிண்ட்டுகள். ஒரு மல்டிமீட்டர். சின்ன வோல்ட்டேஜ்களைத் தேவைக்கேற்ப ஏற்றி இறக்கித் தரும் பவர் சப்ளை. ஈயம் பற்றவைக்கும் கோல், அதைச் சாய்த்து வைக்கச் சுருள் கம்பித் தாங்கி. ஸ்க்ரூ, ரெசிஸ்டர் எல்லாம் போட மிட்டாய்க் கடை பிளாஸ்டிக் டப்பாக்கள்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின நாள், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய்ப் பழைய ஆசிலோஸ்கோப் ஒன்றை வாங்கி வந்தேன். மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைக் கண்ணாடித் திரையில் பச்சைக் கோடாக வரைந்து காட்டும் பெட்டி. ஏதோ ஒரு கல்லூரி ஆய்வுக்கூடம் கழித்துப் போட்டது. சின்ன சூட்கேஸ் கனம், முழுக்க இரும்பு. ஆட்டோவில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். கடையில் எரியவிட்டுக் காட்டியபோது கோடு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. வீட்டில் போட்டால் கோடு இல்லை, தடித்த அலைதான். அளக்கும் கம்பியை எங்கே வைத்தாலும் அலை. ஒன்றிலும் வைக்காவிட்டாலும் அலை.

மறுநாள் நெற்றியில் சாம்பலோடு அதைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைக்காரர் பிளக்கைச் சொருகினார். கோடு நேராக வந்தது.

"இன்னா சார், தோ, சும்மா ரோடு மாரி நேரா போய்க்கினு கீது?"

"எங்க வீட்ல இப்படி வரலப்பா."

"அப்ப மெஷின உட்டுட்டு வூட்ட செக் பண்ணு சார். எர்த்து கீதா?"

இருக்கிறது என்றேன். மூன்று முள் பிளக், மூன்றாவது துளையில் பச்சைக் கம்பி; நானே பார்த்திருக்கிறேன்.

அந்த வாரக் கடைசியில் இன்னொன்று நடந்தது. நுண்ணிய பாகங்களைத் தொடும்போது உடம்பிலுள்ள நிலைமின்சாரம் அவற்றைக் கெடுக்காமல் இருக்க, மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிக்கொள்வார்கள். பட்டையிலிருந்து ஒரு வயர் எர்த்துக்குப் போகும். அதாவது நம்மை மண்ணோடு சேர்த்துக் கட்டிப்போடுவது. மலிவாகக் கிடைத்தது, வாங்கியிருந்தேன். அதை மாட்டிக்கொண்டு, செருப்பில்லாத காலைத் தரையில் ஊன்றினேன். மணிக்கட்டைச் சுற்றிக் கட்டெறும்பு வளையம் போட்ட மாதிரி சுரீரென்றது.

பட்டையைப் பிய்த்து எறிந்தேன். அது ஃப்ரிட்ஜின் கடி. அதே கடி.

பிறகு அந்தப் பட்டையைப் பிரித்துப் பார்த்தேன். உடம்புக்குள் கரண்ட் பாயாமல் தடுக்க உள்ளே அவசியம் இருக்க வேண்டிய ரெசிஸ்டரை வைக்காமலே விற்றிருந்தார்கள். அது இருந்திருந்தால் எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது, மேசையில் சந்தோஷமாக வேலை செய்துகொண்டிருந்திருப்பேன்.

மல்டிமீட்டரின் ஒரு முனையை எர்த்துத் துளையிலும் இன்னொன்றைக் குளியலறையின் பழைய இரும்புக் குழாயிலும் வைத்தேன். அந்தக் குழாய் நேரே மண்ணுக்குள் போகிறது. இரண்டுக்கும் நடுவே ஒன்றும் இருக்கக் கூடாது. எண்பது வோல்ட்டுக்கு மேல் காட்டியது. இந்த மீட்டர்கள் சில சமயம் இல்லாத வோல்ட்டேஜைக் காட்டும் என்று படித்திருந்தேன். அதனால் மீட்டர் இருந்த இடத்தில் ஒரு ஜீரோ வாட் பல்பை மாட்டினேன். உள்ளே இழை ஊதுவத்தி நுனி மாதிரி சிவந்தது. இல்லாத ஒன்றால் பல்பு எரியாது.

எட்டு வீட்டுக்கும் எர்த்துக் கம்பி ஒன்றுதான். ஒவ்வொரு வீட்டு கீசரிலும் மோட்டாரிலும் கொஞ்சம் கொஞ்சம் கசிவதெல்லாம் அந்தக் கம்பியில் சேர்ந்து மண்ணுக்குள் இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லை. கம்பியிலேயே நின்றுகொண்டு, எந்தக் கை தொடும் என்று எட்டு ஃப்ரிட்ஜிலும் காத்துக்கொண்டிருந்தது. கையும் காலும் காய்ந்திருக்கும் பெரியவர்களுக்கு அது எறும்புக் கடி. வாயில் ஊறிய விரலோடும் ஈரக் காலோடும் இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும் குழந்தைக்கு என்ன என்று என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை. ஒரு மணிக்கு ஒரு தரம் போய் பல்பை எரியவிட்டுப் பார்ப்பேன். தவக்காலம் முழுக்க எனக்கு இதே வேலையாகிவிட்டது.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் அவர்தான். பல்பைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதுக்கா இம்மாம் டென்ஷன்? உன் வூட்டு எர்த்து கம்பிய மெயின்ல கட் பண்ணி உட்டா மேட்டர் ஓவர். ஷாக்கே வராது. அஞ்சு நிமிசம் வேல."

"கட் பண்ணிட்டா, நாளைக்கு எங்க ஃப்ரிட்ஜே உள்ள கெட்டுப்போய்க் கசிஞ்சா?"

"அது ஏன் சார் கசியப் போவுது? நல்ல ஃப்ரிட்ஜ். நீ ஏன் கெட்டதையே நெனச்சிக்கினு கீற?"

"கசிவு வந்தா மெயினை அணைக்கிற டிரிப்பர் போட்டா?"

"போடலாம். அது உன் வூட்டு லைன்ல லீக்கானா தட்டும். பக்கத்து வூட்லேர்ந்து எர்த்து வழியா வர்றத அது கண்டுக்காது."

அதுவரை அவர் சொன்னதில் முழுக்கச் சரியானது அதுதான். டிரிப்பரையும் போடச் சொன்னேன். கம்பியை வெட்ட வேண்டாம் என்றேன். அவர் போன பிறகு மனைவி கேட்டாள்.

"வெட்டினா அடிக்காதாமே?"

"அடிக்காது."

"அப்புறம் என்ன? பிள்ளை வந்துட்டுப் போற வரைக்குமாவது..."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஈஸ்டர் முடியும்வரை. பிறகு சேர்த்துவிடலாம். வெட்டும் கருவி என் மேசையிலேயே கிடந்தது, சிவப்புக் கைப்பிடி போட்டது. இரண்டு முறை அதைக் கையில் எடுத்துக்கொண்டு மெயின் பலகை வரை போனேன். இரண்டு முறையும் திரும்பி வந்தேன். கடியைத் தெரியாமல் செய்வதும் கடிப்பதை நிறுத்துவதும் வேறு வேறு. அதை அவளுக்குச் சொல்லிப் புரிய வைக்க எனக்குத் தெரியவில்லை. "கொஞ்சம் பொறு" என்று மட்டும் சொன்னேன். அவள் மகளுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டாள்.

எர்த்துக் குழி எங்கே என்று தேடினேன். கட்டடம் கட்டும்போது கரியும் உப்பும் போட்டு ஒரு குழாயைப் புதைத்திருப்பார்கள். மண் காய்ந்துபோனால் கரண்ட் உள்ளே இறங்காது, அதனால் கோடையில் அதில் தண்ணீர் ஊற்ற வேண்டும். எலக்ட்ரீஷியனைக் கேட்டால், "குழியா? எந்தக் குழி?" என்றார். மீட்டர் பலகையிலிருந்து தடித்த கம்பி சுவரோடு இறங்கிப் பின்பக்கத் தரைக்குள் மறைந்தது. அங்கே இப்போது டைல்ஸ் போட்ட கார் நிறுத்துமிடம். டைல்ஸின் மேல் அண்ணாச்சியின் இரண்டாவது கார்.

கார் பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கீழ்வீட்டு மாமி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார்.

"என்ன சார் தேடறேள்? ஏதாவது விழுந்துடுத்தா?"

"எர்த்துக் குழி தேடறேன் மாமி. ஒரு மூடி மாதிரி ஏதாவது இங்க இருந்துதா?"

"இரும்பு மூடியா? வட்டமா?"

"ஆமா."

"பிள்ளையாருக்குப் பக்கத்துலன்னா இருந்தது! அதுமேலதான் நான் விளக்கு வெப்பேன். இதோ, காரோட பின் சக்கரம் நிக்கறதே, அங்கதான்."

எனக்கு முதலில் அது உறைக்கவில்லை. பிறகு உறைத்தது.

எங்கள் குடியிருப்பின் பிள்ளையார் முன்பு அந்தப் பின்மூலையில் வேப்ப மரத்தடியில் ஒரு சின்ன மேடையில் இருந்தார். வடிகால் எதுவும் கிடையாது. மாமி தினமும் காலையில் குடம் குடமாக அபிஷேகம் செய்வார். தண்ணீர் மேடையிலிருந்து வழிந்து அந்த இரும்பு மூடியைச் சுற்றித் தேங்கி நிற்கும். போகிறவர்கள் வழுக்குகிறது என்று முணுமுணுப்பார்கள். போன வருஷத்துக்கு முந்தின ஆவணியில், விநாயகர் சதுர்த்திக்குச் சற்று முன்பு, கன்னி மூலைதான் அவருக்கு உகந்த இடம் என்று வாஸ்து பார்ப்பவர் ஒருவர் சொல்ல, பிள்ளையாரை முன்வாசலுக்கு மாற்றினார்கள். அங்கே கிரானைட் மேடை. அபிஷேகத் தண்ணீர் நேரே தெருச் சாக்கடைக்குப் போகக் குழாய். பின்பக்கம் டைல்ஸ் போட்டாயிற்று.

அதற்கடுத்த கோடைதான் என் மனைவி அந்த நீலச் செருப்பை வாங்கினாள். லஸ் கடைத்தெருவில், ஈஸ்டருக்குத் துணி எடுத்துவிட்டுத் திரும்பும்போது. கூட நான் இருந்தேன். 'எப்பவும்' என்பது ஒரே ஒரு கோடை. அதற்குள் எட்டு வீட்டில் எட்டுப் பழக்கம் வந்து, பழக்கம் வந்ததே மறந்தும் போயிருந்தது.

"மாமி, நீங்க ஊத்தின தண்ணிதான் இந்த பில்டிங்குக்கே எர்த்தா இருந்திருக்கு."

மாமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "அதான் எங்காத்து கிரைண்டர் அந்த வருஷத்துலேர்ந்து கடிக்கறதா! நான் மோட்டார் போயிடுத்துன்னு ரெண்டு தரம் பிரிச்சுப் பாத்தாச்சு." உடனே குரலை உயர்த்தினார். "நான் அன்னிக்கே சொன்னேன், அவரை நகத்தாதேங்கோன்னு. யார் கேட்டா? வாங்கோ, இப்பவே போய் செக்ரட்டரிகிட்ட சொல்லுவோம்."

எட்டு வீட்டில் எங்கள் வீடு ஒன்றுதான் சாந்தோம் தேவாலயப் பங்கைச் சேர்ந்த கிறிஸ்தவ வீடு. சதுர்த்திக்குச் சுண்டல் எங்கள் வீட்டுக்கும் வரும், கிறிஸ்துமஸுக்குக் கேக் எல்லா வீட்டுக்கும் போகும். அவ்வளவு சுமுகம். பிள்ளையாரை மாற்றும் பேச்சு வந்த கூட்டத்தில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுவது என் இடமில்லை. இப்போது நான் போய், பிள்ளையாரை எடுத்ததால்தான் கரண்ட் அடிக்கிறது என்று சொன்னால் அது எப்படிக் கேட்கும்?

"மாமி, அவரைத் திரும்ப நகத்தச் சொல்லாதீங்க. எனக்கு அந்த மூடி மட்டும் போதும்."

"ஏன், பயமா?"

"ஆமா."

மாமி சிரித்துவிட்டார். "சரி. நீங்க மூடியைப் பேசுங்கோ. பிள்ளையாரை நான் பேசிக்கறேன்."

அண்ணாச்சியிடம் படிக்கட்டில் வைத்துச் சொன்னேன். நான் பயந்தபடியே ஆரம்பித்தார்.

"சார், நீங்க போயி பிள்ளையாரை எடுத்தது தப்புன்னு சொல்லுதீகளே! அதிசயமா இருக்கு!"

"நான் பிள்ளையாரைச் சொல்லல அண்ணாச்சி. தண்ணியைச் சொல்றேன்."

"தண்ணிதான? மழை வந்தா ஷாக் நின்னுரப் போகுது. இப்பத்தான் டைல்ஸ் போட்டிருக்கு, அதுக்குள்ள எப்படிப் பேக்க முடியும்? சித்திரை களிஞ்சு பாத்துக்கிடலாம்."

சித்திரை கழிந்தால் ஈஸ்டரும் கழிந்திருக்கும். மகளிடமிருந்து அன்று மாலையே போன். டிக்கெட் எடுத்தாயிற்று, ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால், குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள் வந்து இறங்குகிறார்கள். ஸ்டேஷனிலிருந்து மயிலாப்பூரா, வேளச்சேரியா? "சனிக்கிழம காலைல சொல்றேன்" என்றேன். நான் சொல்வதற்கு முன்பே வேளச்சேரி என்று முடிவு செய்துவிட்ட மாதிரி, "சரிப்பா" என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் அண்ணாச்சியை என் மேசையைப் பார்க்க வரும்படி கூப்பிட்டேன். "ஆசிலோஸ்கோப்பா? அது என்னமோ ஈசிஜி மெசின் மாதிரின்னு கேள்விப்பட்டேனே" என்று ஆவலாகத்தான் வந்தார். வழக்கப்படி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தார். திரையில் அலையைக் காட்டினேன். பல்பை எரியவிட்டேன். குனிந்து பார்த்தார்.

"அட, எரியுதே. இது எந்த பிளக்குல இருந்து?"

"பிளக்குல இருந்து இல்ல அண்ணாச்சி. எர்த்துலேர்ந்து."

"எர்த்துல இருந்தா பல்பு எரியுது?" கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "சரி, வாங்கன்னு கூப்பிட்டீக, ஒரு வாய் தண்ணி குடுங்க சார். குளுந்த தண்ணி."

"ஃப்ரிட்ஜ்ல இருக்கு, எடுத்துக்குங்க" என்றேன்.

அவர் சமையலறைக்குப் போனார். ஃப்ரிட்ஜின் முன்னால் நின்று, பழக்கப்படி இடது கையை நீட்டினார். நீட்டியவர் பாதியில் நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தார்.

"இது யாரு செருப்பு?"

அடுப்படியிலிருந்து மனைவி சொன்னாள். "ஃப்ரிட்ஜோடது."

அவர் பலமாகச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகும் அவர் கதவைத் தொடவில்லை. வெறுங்கால் ஒன்றின்மேல் இன்னொன்றை வைத்துக்கொண்டு நின்றார்.

"பேரப்பிள்ளை என்னைக்கு வாரான்?" என்றார்.

"சனிக்கிழம."

"தவளுதானோ?"

"பிடிச்சுக்கிட்டு நிக்கறானாம்."

அவர் தண்ணீர் குடிக்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது, "ஒரு டைல்தான சார்? ஓரத்து டைலா, நடு டைலா?" என்றார்.

நடு டைல். மறுநாள் காலையில் அவர் ஆள் வந்து பெயர்த்தான். அடியில் சிமெண்ட், அதற்கடியில் அந்த வட்ட மூடி, மாமியின் விளக்குப் பிசுக்கு இன்னும் கறுப்பாக ஒட்டியிருந்தது. மூடியைத் தூக்கினால் செங்கல் தொட்டி, நடுவே குழாய், சுற்றிலும் மண் பொரிகடலை மாதிரி உதிர்ந்து கிடந்தது. கரியும் கல்லுப்பும் கொட்டினோம். முதல் குடம் தண்ணீரை ஊற்றினேன். அது போன இடம் தெரியவில்லை. இரண்டாவதும் போயிற்று. நான் அவசரத்தில் கவிழ்த்துக்கொண்டே இருந்தேன்.

"அதுக்குன்னு இப்படிக் கொட்டாதேங்கோ" என்றார் மாமி. "மெதுவா ஊத்தணும். தாராளமா, ஆனா மெதுவா. குடுங்கோ." குடத்தை வாங்கி, குழாயின் வாயில் கயிறு மாதிரி தண்ணீரை இறக்கினார். இந்த மூலையில் வருஷக்கணக்காகப் பழகிய கை.

அன்று மதியம் பல்பு சிவக்கவில்லை. மீட்டர் அறுபதைக் காட்டியது. எனக்குப் போதவில்லை. ஊற்றுவதும் மேலே ஓடி அளப்பதும் மறுபடி இறங்குவதுமாக இருந்தேன். மறுநாள் நாற்பது. பிறகு ஒரு நாள் நாற்பதிலேயே நின்றுவிட்டது. அன்று நான் சாப்பிடவே உட்காரவில்லை. எலக்ட்ரீஷியன் வந்து குழாயில் கம்பியைப் பிடித்திருந்த துருப்பிடித்த போல்ட்டைச் சுரண்டிப் புதிதாக முடுக்கினார். "பாத்தியா சார், நான் அன்னிக்கே சொன்னேன்ல, எர்த்துதான் பிராப்ளம்னு" என்றார். அப்படி அவர் சொல்லவில்லை. ஆனால் போல்ட் நன்றாக முடுக்கப்பட்டிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தேவாலயத்தில் சிலுவைப்பாதை வழிபாட்டுக்குப் போய்விட்டு வந்து அளந்தபோது மீட்டரில் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே இருந்தது. ஆசிலோஸ்கோப்பைப் போட்டேன். கோடு ரிச்சி தெருவில் பார்த்த மாதிரி நேராகப் படுத்திருந்தது.

செருப்பை ஒதுக்கிவிட்டு, கால் கழுவிய ஈரத்தோடு ஃப்ரிட்ஜை வலது கையின் பின்பக்கத்தால் தொட்டேன். ஒன்றுமில்லை. பிறகு முழுக் கையால் பிடித்தேன். மனைவியைப் பிடிக்கச் சொன்னேன். "எனக்கெதுக்கு" என்றவள், சற்றுப் பொறுத்து ஒரு விரலை வைத்தாள். எடுக்கவில்லை.

"சனிக்கிழம வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? இப்பவே பேசுங்க" என்றாள்.

பேசினேன். மகள் ஒன்றுக்கு மூன்று முறை கேட்டாள். "நிஜமாவாப்பா? அளந்தீங்களா? எதை வெச்சு?" எல்லாம் சொன்னேன். ஆசிலோஸ்கோப்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தபோது, "சரி சரி, மயிலாப்பூருக்கே வர்றோம்" என்று வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை அவர்கள் வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. அண்ணாச்சி காரைத் தெருவில் நிறுத்திவிட்டு, மூடி தெரிகிற டைல் சதுரத்தைச் சுற்றி இரண்டு செங்கல் வைத்திருந்தார். மகள் பெட்டியைக் கூட இறக்காமல் நேராகச் சமையலறைக்குப் போனாள். குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, கண்ணை இறுக்கிக்கொண்டு ஃப்ரிட்ஜ் கைப்பிடியைப் பிடித்தாள். ஒரு கண்ணைத் திறந்தாள். பிறகு இன்னொன்றை.

"ம்" என்றாள். அவ்வளவுதான். பையனை இறக்கிவிட்டாள்.

நான் பின்னாலேயே நின்றேன், மீட்டர் சட்டைப் பையில். அவன் ஃப்ரிட்ஜைத் திரும்பியும் பார்க்கவில்லை. சமையலறையைத் தாண்டி, வாசற்படியில் ஒரு முறை குப்புற விழுந்து எழுந்து, நேரே பின் பால்கனிக்குத் தவழ்ந்து போனான். தாழ்ப்பாள் ஓட்டை வழியாகத் தொங்கிக்கொண்டிருந்த வயர்க் கொத்தைப் பிடித்து இழுத்து எழுந்து நின்றான். மேலே ஈயக்கோலின் தாங்கி ஆடியது. டப்பா ஒன்று கவிழ்ந்து ரெசிஸ்டர்கள் தரையெங்கும் சிதறின. ஒன்றை எடுத்து வாயில் வைத்தான்.

மகள் ஓடிவந்து அதைப் பிடுங்கினாள். மேசையை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தாள். வெட்டும் கருவிகள், கூர்முனைக் கம்பிகள், வரிசையாக மூன்று முள் பிளக்குகள்.

"அப்பா, ஃப்ரிட்ஜ் சரி. இது என்ன?"

நான் பதில் சொல்வதற்குள் மனைவி பரணுக்கு ஏறும் ஏணியைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்துவிட்டாள்.

மாப்பிள்ளை உதவிக்கு வந்தார். ஆசிலோஸ்கோப்பை இருவருமாகத் தூக்கிப் பரணில், கிறிஸ்துமஸ் குடில் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தோம். பவர் சப்ளை, ஈயக்கோல், டப்பாக்கள் எல்லாம் பின்னாலேயே ஏறின. தேக்குக் கதவைச் சுவரில் நிமிர்த்திச் சாத்தினோம். கதவு மறுபடியும் கதவு மாதிரி நின்றது. பிளக்குகளின்மேல் மகள் பிளாஸ்திரி ஒட்டினாள். ஜனவரியிலிருந்து நான் இழுத்து இழுத்து அமைத்ததெல்லாம் குழந்தையின் பால் ஆறுவதற்குள் காலியாகிவிட்டது. மல்டிமீட்டரை மட்டும் நான் கொடுக்கவில்லை.

மறுநாள் குருத்தோலைப் பவனி முடிந்து வந்து, வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு குடத்தோடு கீழே இறங்கினேன். எனக்கு முன்னால் மாமி வந்து ஊற்றிவிட்டுப் போயிருந்தார். மூடியைச் சுற்றி ஈரம், மூடிமேல் ஒரு சின்ன அகல். எரிந்துகொண்டிருந்தது. அதை நகர்த்தாமல் பக்கவாட்டில் என் குடத்தையும் மெதுவாகச் சரித்தேன். மேலே வந்தபோது பையன் ஃப்ரிட்ஜ் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, ஆடி ஆடி நின்றுகொண்டிருந்தான். வாயிலிருந்து எச்சில் கைப்பிடிமேல் வடிந்தது. என் மனைவி அவனுக்குப் பின்னால் தோசைக் கரண்டியோடு நின்றாள், நீலச் செருப்பைப் போட்டுக்கொண்டு.

"இன்னும் எதுக்கு அது?" என்றேன்.

அவள் குனிந்து காலைப் பார்த்துக்கொண்டாள். கழற்றவில்லை.

"நீங்க அளந்துட்டு வந்து சொல்லுங்க" என்றாள். நான் மீட்டரை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன்.